நாலு விரற்கடை

அச்சுத் தட்டில் நூற்றிருபது துளை.
ஒவ்வொன்றிலும் தேன்போல் இறங்கி
நாலு விரற்கடை காற்றில் தொங்கி
தண்ணீர்த் தொட்டிக்குள் போகும்போது
நூலாகிவிடுகிறது பாலிஎதிலீன்.
அந்த நாலு விரற்கடையைத்தான்
மூன்று வருடமாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோணம் தொழிற்பேட்டை, இரண்டாவது ஷிப்ட்.
குளச்சலுக்கும் முட்டத்துக்கும் போகவேண்டிய வலைநூல்.

உருகிக் கிடக்கையில் சங்கிலிகள்
வடசேரிச் சந்தையின் விடியற்காலை:
தோளுக்குள் தோள், கூடைக்குள் கை,
யாரும் யாருடைய திசையிலும் இல்லை.
சும்மா விட்டுக் குளிரவைத்தாலும் படிகமாகும்.
அவசரமில்லை அதற்கு.
இழுத்தால்தான்
எங்கிருந்தோ வந்துவிடுகிறது அவசரம்.

என் சமன்பாடு எளியது.
இழுக்கும் வேகம் ஒன்று.
இழுபட்ட சங்கிலி தன் பழைய சுருளுக்குத்
திரும்ப எடுக்கும் நேரம் இன்னொன்று.
பெருக்கிப் பார்.
ஒன்றுக்குக் கீழே என்றால் மறந்துவிடும்.
மேலே என்றால் மறக்க நேரமில்லை,
நீண்டபடியே உறையவேண்டியதுதான்.

திரையில் நூல் வெளுத்தது
தண்ணீரின் உதட்டில்.

"இல்ல மேடம்" என்றான் பெல்லார்மின்.
"தண்ணி தொடதுக்கு முன்னமே வெளுக்கு, பாத்தியளா?
ஒங்க கம்ப்யூட்டர் பிந்தி வருகு."
பார்த்தேன்.
தட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடையில்
மூடுபனிபோல் ஒரு கோடு.
வெப்பநிலையைத் திருத்தினேன், பாகுநிலையைத் திருத்தினேன்,
ஒரு மாறிலியை வெட்கமில்லாமல் இரட்டித்தேன்.
கோடு நகரவில்லை.

ஆடியில் ஒருநாள்
ஆரல்வாய்மொழிக் கணவாய் அலறிக்கொண்டிருந்தது.
அங்கே அத்தனை காற்றாலை சுற்ற
இங்கே கரண்ட் போனது.
உருளைகள் நின்றன.
நூற்றிருபது நூலும் தொய்ந்து
சொட்டாக வீங்கித் தொங்கின,
இழுபட்டதையெல்லாம் மறந்துகொண்டு,
கண்ணாடி மாதிரி.

செல்போன் வெளிச்சத்தை அடியில் பிடித்தான் அவன்.
தெளிந்த சொட்டுக்குள்
தலைமயிரைவிட மெல்லிசாக
ஒரு வெள்ளைக் கீற்று
கலையாமல் நின்றது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் இருபுறமும்
பக்கவாட்டில் வெளுக்கத் தொடங்கியது.

எல்லோரும் மறக்கவில்லை.

மூட்டையில் அச்சிட்டிருந்த எண் ஒன்றே ஒன்று:
சராசரி நீளம்.
நானும் அந்த ஒன்றைத்தான் நம்பியிருந்தேன்.
சராசரிக்குள் எங்கோ
நூற்றில் ஒன்றோ இரண்டோ நெடுஞ்சங்கிலிகள்.
மற்றவை பத்துமுறை மறந்து முடிக்கும் நேரத்தில்
ஒருமுறைகூட மறக்காதவை.
அவை முதலில் நிமிர்கின்றன.
அவற்றின் முதுகில்தான்
மறதிக்காரர்கள் மடிந்து மடிந்து
அடுக்கடுக்காய் உட்காருகிறார்கள்.

கரண்ட் வந்தது ஒன்றே முக்காலுக்கு.
இரவோடிரவாக இரண்டாகப் பிரித்தேன்:
தொண்ணூற்றெட்டுக்கு ஒரு கடிகாரம்,
இரண்டுக்கு வேறு கடிகாரம்.
திரையின் கோடு மேலேறி
இரண்டரை விரற்கடையில் நின்றது.
அரை விரற்கடை இன்னும் கடன்.
அதற்குள் என்ன இருக்கிறதோ தெரியவில்லை.

விடிந்ததும் அந்த ஷிப்டின் முதல் கண்டிலிருந்து
ஒரு முழம் வெட்டி நீட்டினான்.
"வலிச்சுப் பாருங்க."

நான் ஈரோட்டுக்காரி.
வலி என்றால் எனக்கு நோவு.
கொடிமுனையில் பிறந்த அவனுக்கு
வலிப்பதென்றால் இழுப்பது,
கரையில் நின்று மடி வலிப்பது.

இரு கையிலும் சுற்றி வலித்தேன்.
அறவில்லை.
உள்ளங்கையில் இரண்டு சிவப்புக் கோடு.

"வலிக்குதா?" என்றான்.
எந்தச் சொல்லில் கேட்டான் என்று
நான் கேட்கவில்லை.
ஆமாம் என்றேன்.